சிரிப்பு ஷாட்

செப்டம்பர் 4, திங்கள்

இன்று என்னைக் கொன்றுவிட்டார்கள். பதினொன்றே முக்காலுக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு அடிப்பதற்குள் வேலை முடிந்துபோனது.

"மருதாணி வீடு" சீரியலில் எண்ணூறு எபிசோடுக்கு மேல் நான்தான் பெரியம்மா. நேற்று வரைக்கும் அந்தப் பெரியம்மாவுக்கு ஒரு இருமல்கூடக் கிடையாது. காலையில் வளசரவாக்கம் ஷூட்டிங் வீட்டுக்குள் நுழைகிறேன், மேக்கப் நாற்காலியில் உட்காரவில்லை, அசிஸ்டென்ட் டைரக்டர் அன்புச்செல்வி வந்து, "குஞ்சரிம்மா, இன்னைக்கு நீங்க இறந்துடுறீங்க" என்றாள். டீ வேணுமா என்று கேட்கிற குரலில்.

"எதனாலடி சாகிறேன்?"

"அது இன்னும் முடிவாகலம்மா. பாடியை மட்டும் எடுத்துடச் சொன்னாங்க. காரணம் அப்புறம் வரும்."

கூடத்தில் கிடத்தினார்கள். மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணிக்கட்டு. சுற்றி எட்டுப் பேர் அழுதார்கள். வசனத்தை அன்புச்செல்வி தன் போனைப் பார்த்து உரக்க வாசிக்க, அவர்கள் அதையே திருப்பிச் சொல்லி அழுதார்கள். ஒரே டேக். சாப்பாட்டு வண்டி வந்ததும் "பிரேக்" என்றார்கள். அத்தனை பேரும் தட்டெடுக்கப் போய்விட்டார்கள். நான் படுத்தே கிடந்தேன், யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று.

யாரும் வரவில்லை. எழுபத்திரண்டு வயதில் என் கால் கட்டை நானே குனிந்து அவிழ்த்தேன்.

பிணமாக நடித்தவரை அப்படியே விடக் கூடாது. கேமராவை நிறுத்தாமல், நெருங்கினவர் யாராவது பக்கத்தில் நின்று, சொந்தப் பெயரை மூன்று தடவை சொல்லிக் கூப்பிட வேண்டும். கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிப்பு ஷாட் என்போம். அது டிவியில் வராது, ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகுதான் பூசணிக்காய் உடைப்பார்கள். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

அது கிடக்கட்டும். பஞ்சைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ரசத்தில் புளி கூடிப்போனது. மருமகள் ஹேமா ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். அதுவே சொன்ன மாதிரிதான்.

செப்டம்பர் 8, வெள்ளி

ஏழு மணிக்கு என் சாவு டிவியில் வந்தது. ஹேமா, பேத்தி ஓவியா, நான் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம்.

"மாலை உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கு அத்தை" என்றாள் ஹேமா. பாராட்டுகிறாளா, ஆசைப்படுகிறாளா தெரியவில்லை.

அழுகிறவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மும்மூன்று தடவை காட்டினார்கள். டம், டம், டம். பிறகு என் முகம். அப்போதுதான் ஓவியா கத்தினாள். "பாட்டி! கண்ணைத் தொறந்துட்ட!"

ஆமாம். பிணம் கண்ணைத் திறந்து மூடியது. அரை நொடி. அதை அப்படியே போட்டிருக்கிறார்கள். வெட்டுகிறவனும் பார்க்கவில்லை, அனுப்புகிறவனும் பார்க்கவில்லை.

அரை மணி நேரத்தில் ஓவியா போனைக் கொண்டுவந்து காட்டினாள். என் கண் மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து மூடுகிறது. கீழே யாரோ, "பெரியம்மா நோட்டிஃபிகேஷன் பாக்குறாங்க" என்று எழுதியிருக்கிறான். லட்சம் பேர் பார்த்தார்களாம்.

கேமரா முன்னால் நாற்பத்தெட்டு வருஷமாக நடிக்கிறேன். ஏழு தடவை செத்திருக்கிறேன். ஒரு தடவைகூட இமை அசைந்ததில்லை. இந்தத் தடவை ஏன் அசைந்தது என்று எனக்குத் தெரியும். யாரோ கூப்பிட்டார்கள். தலைமாட்டில், ரொம்பப் பக்கத்தில். "குஞ்சு" என்று.

என்னைக் குஞ்சு என்று கூப்பிட்டவள் ஒருத்திதான். அவள் செத்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

செப்டம்பர் 11, திங்கள்

சீரியலில் என் படத்துக்கு மாலை போட்டு, சின்ன பல்பு எரியவிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். இன்று சீரியல் மருமகள் அந்தப் படத்தின் முன்னால் நின்று பதினோரு நிமிஷம் பேசினாள். உயிரோடு இருந்தபோது என்னிடம் அவள் அவ்வளவு பேசினதில்லை. இரண்டு விளம்பரத்துக்கு நடுவில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஏன் அத்தை போனீங்க?" அதையே ஒன்பது விதமாகச் சொன்னாள். எண்ணினேன்.

நான் எதற்காகச் செத்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. முடிவாகியிருக்காது.

தொண்ணூற்றொன்றில் "உப்புக் கிணறு" எடுத்தோம். வாரம் ஒரு நாள், பதின்மூன்று வாரம், அத்தோடு கதை முடிந்தது. முடிவு தெரிந்த பிறகுதான் முதல் ஷாட்டே எடுப்போம். எழுதினவர் சபாபதி சார். முழுக் கதையும் பச்சை அட்டை போட்டுத் தைத்த புத்தகமாக எங்கள் கையில் இருக்கும். கோடம்பாக்கத்தில் ஒரு மாடியில் பத்து நாள் ஒத்திகை. "ஏன்" என்ற ஒரு சொல்லுக்கு அரை நாள் ஒத்திகை பார்த்திருக்கிறோம். அந்த டேப்பை எல்லாம் பிறகு அழித்து, அதன் மேலேயே வேறு எதையோ பதிந்துவிட்டார்களாம். இப்போது அது என் தலைக்குள் மட்டும்தான் ஓடுகிறது.

ஒரு கிணற்றுக்கு இரண்டு ஓரகத்திகள், அதுதான் கதை. மூத்தவள் நான். இளையவள் நீலா. எனக்கு அப்போது எழுதப் படிக்க வராது. மூன்றாம் வகுப்போடு நாடகக் கம்பெனிக்கு வந்தவள். நீலாதான் எனக்கு வாசித்துச் சொல்வாள். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், பிறகு அது என்னை விட்டுப் போகாது.

பதினோராம் வாரத்தில் கிணற்றடியில் ஒரு பக்க வசனம். அது எனக்கு எழுதினது. நீலா வாசித்தாள், நான் பிடித்துக்கொண்டேன். மறுநாள் சபாபதி சார் வந்து, "குஞ்சரி, இந்தப் பக்கத்தை நீலா பேசட்டும், 'தங்கச்சி'ங்கிறதை 'அக்கா'ன்னு மாத்திக்கலாம். நீ எதிரே நின்னு கேளு" என்றார். காரணம் சொல்லவில்லை. நீலா தலையைக் குனிந்துகொண்டாள். குனிகிறவள் கேட்டு வாங்கினவள்தானே?

எனக்கு வந்ததை எடுத்துக்கொண்டவர்களை நான் மறந்ததில்லை. முதலில் நிற்பவள் நீலா.

செப்டம்பர் 14, வியாழன்

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். உருவ உருவ நீலா ஞாபகம்தான். அந்த ஒத்திகை நாளெல்லாம் ஒரு தூக்கு கொண்டுவருவாள். ஏதோ பச்சிலையை அரைத்து மோரில் கலக்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மடக்கென்று குடிப்பாள். "என்னடி அது?" என்றால், "கீழாநெல்லி. கலர் ஏறும்டி" என்று சிரிப்பாள். ஹீரோயின் நினைப்பு என்று நினைத்துக்கொள்வேன். நகமெல்லாம் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் பூசிக் குளிக்கிறாள் என்று அதையும் நினைத்துக்கொள்வேன்.

இதைச் சொல்லிக்கொண்டே கீரை ஆய்ந்தேன் போல. ஹேமா தலையைத் தூக்கி, "அத்தை, கீழாநெல்லி மஞ்சக்காமாலைக்குத்தானே குடிப்பாங்க?" என்றாள்.

"எனக்குத் தெரியாதா" என்றேன்.

கடைசி வாரத்தில் நீலாவின் பாத்திரம் சாகும். அவளைப் பாடையில் கிடத்தி எடுத்தார்கள். சிரிப்பு ஷாட்டுக்கு நான் அங்கே இல்லை. ஊருக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

செப்டம்பர் 15, வெள்ளி

நேற்று எழுதினது சரியில்லை. பஸ் மறுநாள் காலையில்தான்.

செப்டம்பர் 19, செவ்வாய்

காலையில் வலது கை மரத்துக் கிடந்தது. தேய்த்துத் தேய்த்து எழுப்பினேன். ஹேமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் என்பாள். டாக்டருக்கு இது தெரியாது.

பாடையில் படுத்த பத்தொன்பதாம் நாள் நீலா போனாள். எனக்கு இன்று பதினாறாம் நாள்.

மத்தியானம் அன்புச்செல்வி போன் பண்ணினாள்.

"அம்மா, நீங்க திரும்ப வர்றீங்க! கண்ணு தொறந்தது அவ்வளவு ரீச் ஆயிடுச்சு. சேனல்ல ஆவி டிராக் ஓகே பண்ணிட்டாங்க."

"ஆவியா?"

"ஆமாம்மா. வெள்ளைப் புடவை, தலைவிரி கோலம், புகை எல்லாம் உண்டு. அடுத்த செவ்வாய் ஷூட்."

அவர்கள் செய்த தப்பையே கதையாக்கிவிட்டார்கள். ஹேமா பக்கத்தில் நின்று, சரின்னு சொல்லுங்க, சரின்னு சொல்லுங்க என்று வாயசைத்தாள்.

"வர்றேன். ஒரே ஒரு கண்டிஷன். எனக்குச் சிரிப்பு ஷாட் எடுக்கணும்."

"என்ன ஷாட்மா?"

விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு, "அன்னைக்கு உங்களைத் தனியா விட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டேம்மா. மன்னிச்சிடுங்க" என்றாள். இந்த வேலையில் யாரும் என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த செவ்வாய் என்றால் இருபத்துமூன்றாம் நாள். அதுவரை தாங்க வேண்டும்.

செப்டம்பர் 21, வியாழன்

கை இன்று பரவாயில்லை. எழுதிவிடுகிறேன்.

கிணற்றடி வசனத்தை நீலா பேசியபோது எதிரே குடத்தோடு நின்றது நான். ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் பேசக்கூடியவள் அவள். அன்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள். எந்த எந்த இடத்தில் நான் மூச்சு வாங்குவேனோ சரியாக அந்த அந்த இடத்தில். எல்லாரும் கண் கலங்கினார்கள். என்னைப் போலப் பேசிக் கேலி செய்கிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நாலு நாள் கழித்துப் பாடை. ஷாட் முடிந்ததும் டைரக்டர், "கேமரா ஓடட்டும். குஞ்சரி, நீ கூப்பிடும்மா" என்றார். எப்போதும் நான்தான் அவளைக் கூப்பிடுவது. நான் வாயைத் திறந்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"அவ்வளவு வசனம் பேசினவளுக்கு எழுந்திருக்கத் தெரியாதா?" என்றேன். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

நான் கேட் வரைக்கும் போய்விட்டேன். முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. கண்ணைத் திறக்காமலேயே படுத்திருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். முறை தப்பக் கூடாது என்று.

"குஞ்சு, கூப்பிடுடி. முதுகு வலிக்குது."

நான் திரும்பவில்லை.

வேறு யாரோ கூப்பிட்டார்களாம். எழுந்தாளாம். சிரிக்கவில்லையாம். பத்தொன்பது நாள். ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். எனக்கு வேறு ஷூட்டிங் இருந்தது. இல்லை. இல்லை, எனக்கு எந்த ஷூட்டிங்கும் இல்லை.

சாவு வீட்டில் சபாபதி சார் ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தைக் கொடுத்தார். "நீலாவோடது. உன்கிட்ட கொடுக்கச் சொன்னா." எழுத்தறியாதவளுக்குப் புத்தகம் கொடுத்து அனுப்புகிறாள் பார், போகும்போதும் குத்திவிட்டுப் போகிறாள் என்று பெட்டியின் அடியில் போட்டேன். அவள் போன பிறகு எனக்கு வாசித்துச் சொல்ல ஆளில்லை. பஸ் போர்டையும் சினிமாப் போஸ்டரையும் பார்த்து நானே எழுத்துக்கூட்டப் படித்தேன். நாற்பது வயதில். அப்போதும் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

இன்று திறந்தேன். பதினோராம் வாரத்துக் கிணற்றடிப் பக்கம். வசனத்துக்கு நடுவில் அங்கங்கே பென்சிலால் சின்னச் சின்னக் கோடு. முதல் கோட்டின் பக்கத்தில் மட்டும் நீலாவின் கையெழுத்து: "இங்கே குஞ்சு மூச்சு வாங்குவாள்."

முப்பத்திரண்டு வருஷத்தில் பென்சில் அழியவே இல்லை.

ஹேமா வந்து லைட்டைப் போட்டாள். "என்ன அத்தை, இருட்டுல உக்காந்திருக்கீங்க?" என்றாள். பகல் மூன்று மணிதான் ஆகியிருந்தது. ஜன்னலைச் சாத்தினது நானாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 23, சனி

பத்தொன்பதாம் நாள் நேற்றே போய்விட்டது. நான் இருக்கிறேன். இட்லிக்கு ஊறப்போட்டேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

வெள்ளைப் புடவை. பின் தலையில் முழங்கால் வரைக்கும் சவுரி. கூடத்தில் புகை போட்டார்கள். சுவரில் மாலையோடு என் படம், அதற்குக் கீழே நான்.

அன்புச்செல்வி வந்து மெதுவாகச் சொன்னாள். "அம்மா, வசனம் இன்னும் வரல. எழுதுறவர் வேற சீரியல் எழுதிக்கிட்டிருக்காராம். நீங்க ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கோவமா எண்ணிக்கிட்டே வாங்க. டப்பிங்ல போட்டுக்கலாம்."

இது புதிதில்லை. இரண்டு வருஷமாக இந்தச் சீரியலில் எண்ணித்தான் பேசுகிறோம். ஒரு தடவை சீரியல் மகனுக்கு நான் ஆசீர்வாதம் பண்ணினது பதினேழிலிருந்து முப்பது வரைக்கும்.

"ஆக்‌ஷன்" என்றார்கள். ஒன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். புகைக்குள் யாரோ எதிரே நின்ற மாதிரி இருந்தது. குடத்தோடு.

"அக்கா, இந்தக் கிணத்துல உப்பு ஏறினது உன்னாலயும் இல்ல, என்னாலயும் இல்ல. நீ இறைக்கும்போது நான் நின்னு பாத்தேன். நான் இறைக்கும்போது நீ நின்னு பாத்தே. யாரு ஒரு குடம் கூட இறைச்சான்னு எண்ணிக்கிட்டே நின்னோம். எண்ணின நேரத்துல குடிச்சிருக்கலாம். நாளைக்கு நான் வரலன்னா கயித்தைச் சுருட்டி வச்சிடாத. எம் பக்கத்துக் கயிறும் கிணத்துக்குள்ளயே கெடக்கட்டும். நீ இறைக்கும்போது அது அசையும். அசைஞ்சா நான்தான்னு நெனச்சுக்கோ."

கிணற்றடிப் பக்கம் முழுதும் சொன்னேன். கோடு போட்ட இடத்திலெல்லாம் மூச்சு வாங்கினேன்.

யாரும் கட் சொல்லவில்லை. சீரியல் மருமகள் அவளுக்குச் சொல்லப்பட்ட இடத்தில் அலற வேண்டும், அலறவில்லை. லைட்காரர் ஏணியிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றார். அன்புச்செல்வி போனைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு அழுதாள்.

டைரக்டர்தான் முதலில் அசைந்தார். "அம்மா, பிரமாதம். ஆனா டயலாக் ரொம்ப நீளம். பரவால்ல, மியூசிக் போட்டு மூடிடலாம். நெக்ஸ்ட்!"

"சிரிப்பு ஷாட்" என்றேன்.

"அம்மா, நாலு மணிக்கு அடுத்த சீரியல்காரங்களுக்கு வீட்டை விடணும். வாசல்ல நிக்கிறாங்க பாருங்க." கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்புச்செல்வி, "நான் எடுக்கிறேம்மா" என்று போனைத் தூக்கினாள். கூடத்தில் பாயை விரித்து என்னைப் படுக்கவைத்தாள். கட்டைவிரலைக்கூடக் கட்டிவிட்டாள். பக்கத்தில் மண்டியிட்டு, "குஞ்சரிம்மா. குஞ்சரிம்மா. குஞ்சரிம்மா" என்றாள். நல்ல பெண்.

கண்ணைத் திறந்தேன். எழுந்து உட்கார்ந்தேன். சிரிப்பு வரவில்லை. வாயை விரித்துப் பார்த்தேன், வரவில்லை. மூன்று தடவை படுத்து மூன்று தடவை எழுந்தேன். அடுத்த சீரியல்காரர்கள் சோபாவை உள்ளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கட்டை அவளே அவிழ்த்துவிட்டாள்.

அக்டோபர் 4, புதன்

ஆவி இன்று டிவியில் வந்தது.

புகை. இடி. என் முகம் மூன்று தடவை. சுவரில் படம் மூன்று தடவை. என் வாய் அசைகிறது. அக்கா, இந்தக் கிணத்துல உப்பு ஏறினது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் கேட்பது வேறு யாரோ ஒருத்தியின் கரகரத்த குரல். "விடமாட்டேன்!" என்கிறாள். என் வாய் இன்னும் அசைந்துகொண்டே இருக்கிறது. அவளிடம் வேறு வசனம் இல்லை, பாவம், மறுபடி "விடமாட்டேன்!" என்கிறாள். நான் கயிற்றைச் சுருட்டாதே என்கிறேன், அவள் விடமாட்டேன் என்கிறாள். நான் மூச்சு வாங்குகிறேன், அங்கே இடி இடிக்கிறது. பதினான்கு விடமாட்டேன். கடைசியில் என் வாய் மூடிய பிறகும் ஒன்று பாக்கியிருந்து தனியாக வந்தது. "...மாட்டேன்!"

ஓவியா முதலில் சிரித்தாள். ஹேமா வாயில் முந்தானையை வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "மன்னிச்சுக்கோங்க அத்தை" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். நான் முறைக்கத்தான் நினைத்தேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, சோபாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஓவியா அதைப் போனில் எடுத்துவிட்டாள்.

"பாட்டி, நீ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"அதை அழிக்காதே" என்றேன்.

நீலா இருந்திருந்தால் தரையில் உருண்டிருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் நின்றுபோனது. எனக்கு எடுத்தாகிவிட்டது. அவளுக்கு?

அக்டோபர் 5, வியாழன்

காலையில் ஹேமா ஆபீஸ் போனாள், ஓவியா பள்ளிக்கூடம் போனாள். வாசலைக் கூட்டினேன். குளித்தேன். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த பஞ்சை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன்.

கூடத்தில் பாயை விரித்து, பச்சைப் புத்தகத்தைத் தலையணை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டி மடங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் உட்கார்ந்தேன். முறைப்படி சொந்தப் பெயர்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு நாகப்பட்டினம். அந்த ஊர் அம்மன் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். சினிமாவுக்காகக் குறைத்துக்கொண்டாள்.

"நீலாயதாட்சி" என்றேன்.

"நீலாயதாட்சி."

தெருவில் காய்கறி வண்டிக்காரர் குரல் கொடுத்துக்கொண்டு போனார். அவர் போகும் வரைக்கும் பொறுத்தேன்.

"நீலாயதாட்சி. எழுந்திருடி. முதுகு வலிக்கும்."